நிறுத்தாமல் போன வேன்

தண்ணீர் குடிக்காமல் கிளம்பினால் பயணம் சுகமாக இருக்கும் என்று நம்பியவள் நான். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு நெடுநேரம் நீரை அடக்க முடியாது. இருமினால் கசியும், சிரித்தால் கசியும். நிறையப் பெண்களுக்கு இருக்கிற தொல்லைதான். யாரும் வெளியில் சொல்வதில்லை. என் விஷயத்தில் என் குடும்பமே ஊருக்குச் சொல்லிவிட்டது.

ஒருமுறை எல்லாரும் கேமரன் மலைக்குப் போனோம். போகிற வழியில் சில தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டியவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். அன்றைக்கு அவர் எனக்கு ‘ஓட்டை டேங்க்’ என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் எந்த விருந்தில் நான் கையில் தண்ணீர் கிளாஸை எடுத்தாலும், “யாராச்சும் பக்கெட் ரெடி பண்ணுங்கலா” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் கணேசன் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். அவ்வளவுதான் அவர் எனக்குக் காட்டிய பரிவு.

இப்போது என் இடது காலில் தொடைவரை ஏறும் இறுக்கமான உறை மாட்டியிருக்கிறது. புக்கிட் பெலண்டோக்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதனால் இது விட்டுவிட்டுத்தான் வரும். தூரப் பயணம் போகிற பெண்கள் யாராவது படித்தால் போதும்.

மூத்தாரின் மகனுக்கு சுங்கை பட்டாணியில் பெண் எடுத்திருந்தார்கள். கல்யாணமும் அங்கேயே. எங்கள் நெகிரி செம்பிலானிலிருந்து அவர்களுடைய கெடா வரைக்கும் மலேசியாவில் பாதியைக் கடக்க வேண்டும். மூத்தாரிடம் சொந்த வேன் இருந்தது. “என் வண்டி ஏறினா நேரா சம்பந்தி வீட்டு வாசல்லதான் நிக்கும்” என்று பல நாளாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் மனைவி வீட்டுக்கு வந்தார். நான் அவரைப் பெரியக்கா என்று கூப்பிடுவேன். என் கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார். மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை.

“எம் மவன் கல்யாணத்துல நீதான் சீர்த்தட்டு முதல்ல தூக்கணும். அன்னிக்குப் பாத்து தீட்டுன்னு ஒதுங்கி நின்னுராத. இத வேளா வேளைக்குப் போடு.”

“டாக்டர்கிட்ட கேக்க வேணாமாக்கா?”

“இதுக்கெல்லாம் டாக்டரா? நான் போடாத மாத்திரையா?”

போட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியத்தோடு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன். விடியற்காலையில் வாந்திக்கு ஒரு மாத்திரை, எச்சிலோடு விழுங்கியது.

வேனில் கடைசி வரிசை எனக்கு. காலுக்குக் கீழே சீர் சாமான் பெட்டிகள் இருந்ததால் முழங்கால் நெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. என் பக்கத்தில் மேரி. என் கொழுந்தன் மனைவி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், கிறிஸ்தவப் பெண். காதல் கல்யாணம் என்பதால் அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பகாவ்காரி’ என்பார்கள். அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அவள் தனியாக வந்தாள்.

வாந்தி மாத்திரை என்னைக் கிறங்கடித்தது. மடக்கிய காலை அசைக்காமல் தூங்கிக்கொண்டே போனேன். கோலாலம்பூரைத் தாண்டி வெகுதூரம் போனபின் அடிவயிறு இறுகி எழுப்பியது. குடிக்காவிட்டாலும் உடம்பு சும்மா இருக்காது. பொறுத்துப் பார்த்துவிட்டு மூத்தாரிடம், “மாமா, கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்றேன்.

“ஆரம்பிச்சிருச்சுடா ஓட்டை டேங்க்!”

வேன் முழுக்கச் சிரிப்பு. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினார். ஆண்களுக்கு சிகரெட் பிடிக்க வேண்டியிருந்ததால் நிறுத்தினார் என்று பிறகு மேரி சொன்னாள். பள்ளி விடுமுறைக் காலம். பெண்கள் கழிவறைக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் என்றபோது ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு அடித்தார், பிறகு கையை எடுக்காமல் அடித்தார். கணேசன் ஓடி வந்தார்.

“வா வா, அண்ணன் கோவப்படுறாரு.”

“இன்னும் ரெண்டே பேருங்க.”

“சுங்கை பட்டாணியில போயிக்கலாம்லா. மானத்த வாங்காத.”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். வேனில் ஏறி அதே மாதிரி காலை மடக்கி, தொடைகளை இறுக்கிக்கொண்டு, அசைந்தால் போய்விடுமோ என்று அசையாமல் உட்கார்ந்தேன். ஈப்போ போனது. தைப்பிங் போனது. மேரி தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கும்போது இடது கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் வீங்கிவிட்டது. வலது கால் எப்போதும் போல இருக்க, இடது கால் மட்டும் வேறு யாருடையதோ போலச் சிவந்து சூடாக இருந்தது. பெரியக்காவிடம் காட்டினேன்.

“ஒக்காந்தே வந்தா வீங்காம என்ன செய்யும்? நாளைக்கு நடந்தா சரியாப் போயிரும்” என்றார்.

பெண்களுக்கு ஒரு அறை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். நான் சுவரோரம் படுத்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேரி தைலக் குப்பியோடு என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவள் அம்மா பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவர். மேரிக்கும் அந்தக் கை வாய்த்திருந்தது. கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக, கட்டைவிரலால் அழுத்தி உருவினாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அந்த நாள் முழுக்க என் உடம்பைத் தொந்தரவாக நினைக்காத ஒரே ஆள் அவள். எனக்குக் கண்ணீர் வந்தது.

“வலிக்குதாக்கா?”

“இல்லடி. நீ செய்.”

மறுநாள் மண்டபத்தில் சீர்த்தட்டோடு படியேறினேன். இரண்டாவது, மூன்றாவது படியில் முதுகுப்புறம் கத்தி சொருகின மாதிரி ஒரு குத்து. மூச்சை உள்ளே இழுத்தால் பாதியிலேயே நின்றது. தட்டு சாய்ந்து ஆப்பிள்கள் படியில் உருண்டன. விழுந்தது எனக்கு ஞாபகமில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால், அடுக்கிய நாற்காலிகளுக்குப் பக்கத்தில் என்னைக் கிடத்தியிருந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. உள்ளே நாதஸ்வரம் கேட்டது.

“தாலி கட்டுற நேரத்துலயா இவளுக்கு வரணும்?” பெரியக்காவின் குரல்.

“மயக்கம்தான். தண்ணி தெளிச்சா எழுந்திருவா” என்றார் யாரோ.

“ஒதடு நீலமா இருக்குங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடணும்” என்றாள் மேரி.

“கூப்பிட்ட, கொன்னுருவேன். மொதல்ல தாலி ஏறட்டும். மண்டபத்து வாசல்ல ஊளையிட்டுக்கிட்டு ஆம்புலன்ஸ் வந்தா என் மருமவளுக்கு எப்படிடி இருக்கும்?” என்று பெரியக்கா சீறினார்.

மேரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆம்புலன்ஸ் வந்தது. அது வரும்போது கெட்டிமேளமும் முழங்கியதாகச் சொன்னார்கள். என்னோடு ஏறியவள் மேரி. கணேசன் மேடையில் மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாக நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்தால் நன்றாக இருக்காதாம்.

அரசாங்க மருத்துவமனையில் என்னை அவசரப் பிரிவின் உள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை என்று படுத்திருந்தபடியே புரிந்தது. முகத்தில் ஆக்சிஜன் மூடி, விரல் நுனியில் ஒரு கவ்வி. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அந்தக் கவ்வி காட்டும். அது காட்டிய எண்ணைப் பார்த்து நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள்.

பிறகு காலில் ஸ்கேன். குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியால் தொடையிலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார்கள். அழுத்தினால் ரத்தக்குழாய் தட்டையாக வேண்டுமாம். என் இடது முழங்காலுக்குப் பின்னால் இருந்தது தட்டையாகவில்லை. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து, இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே ஒரு குழாயை அடைத்திருக்கிறது என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள்.

அதை உறுதி செய்ய ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து, கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை திடீரென்று ஒரு சூடு பரவியது. படுக்கையை நனைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மலாயில் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், துணி கொடுங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்த பையன் ஒலிபெருக்கியில், “இல்லை மக்சிக், அது மருந்தின் சூடு, எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்” என்று மலாயில் என்னை அத்தை முறை வைத்துச் சொன்னான். நான் நம்பவில்லை. வெளியே எடுத்தபின் கையால் தடவிப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. சாகப் போகிறோமோ என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. அப்படி என்னை ஆக்கி வைத்திருந்தார்கள்.

எழுந்து நடக்கக் கூடாது என்பதால் சிறுநீர்க் குழாய் போட்டார்கள். பெட்டின் ஓரத்தில் ஒரு பை தொங்கியது. அது பாட்டுக்கு நிறைந்தது, நர்ஸ் பாட்டுக்கு ஊற்றினாள், யாரும் சிரிக்கவில்லை. மேரி உறிஞ்சுகுழலை மூடியின் ஓரத்தில் நுழைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவு தண்ணீரை நான் எத்தனையோ வருஷமாகக் குடித்ததில்லை.

விருந்து முடிந்தபின் குடும்பம் வந்தது. மூத்தார் பட்டு வேட்டியில், பெரியக்கா நகையோடு. “உனக்குன்னு எடுத்து வச்சேன்” என்று பெரியக்கா கல்யாணச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்திருந்தார். முகத்து ஆக்சிஜன் மூடியை எடுக்காமல் நான் எதையும் சாப்பிட முடியாது. டப்பாவை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஆப்பிள் உருண்டதெல்லாம் வீடியோவில் பதிவாகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

அப்போது டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண், வயது அதிகமிருக்காது. கால் எப்போதிலிருந்து வீங்கியது என்று கேட்டுவிட்டு, “இந்தக் கால யாராச்சும் உருவி விட்டீங்களா?” என்றார்.

“நான்தான் டாக்டர்” என்றாள் மேரி. யாரும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளே சொன்னாள்.

“தெரியாமச் செஞ்சிருக்கீங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்தா உருவக் கூடாது. உள்ள உறைஞ்சது ஒடையலாம். ஆனா உருவாட்டியும் ஒடையும். எதனால ஒடஞ்சிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உறைஞ்சதே எப்படின்னு பாக்கணும். ரொம்ப நேரம் அசையாம ஒக்காந்து வந்தீங்களா? தண்ணி குடிக்கலையா? ஹார்மோன் மாத்திரை ஏதும்?”

ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“இந்த மூணும் சேர்ந்தா போதும். மாத்திரை யாரு எழுதிக் குடுத்தா?”

நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“அவளே எங்கயாச்சும் வாங்கியிருப்பா” என்றார்.

“நீங்கதான் குடுத்தீங்க” என்றேன். மூடிக்குள் ஆவி படிந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

டாக்டர் போனதும் மூத்தார் மேரியைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியா? டாக்டரே சொல்லிட்டாங்க. ஒன் கை பட்டுத்தான் இவ சாகக் கிடக்குறா. ஒங்கம்மா மாதிரி நீயும் வைத்தியம் பாக்க வந்துட்டியா?”

நான் மூடியைக் கழற்றினேன். “அவ இல்ல மாமா. தாப்பாவுல என்னக் காலாற நடக்கவும் விடல, ஒண்ணுக்குப் போகவும் விடல. வழியில நிறுத்தியிருந்தா எனக்கு இது வந்திருக்காது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டவளே அவதான்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு போய்விட்டது. விரல் கவ்வி கத்தியது. நர்ஸ் ஓடிவந்து மூடியை மாட்டினாள். மூத்தார் என் வீட்டுக்காரரின் தோளில் கை வைத்தார்.

“மூளைக்குக் காத்து கொறஞ்சா இப்படித்தான் ஒளறுவாங்கடா. மனசுல வச்சிக்காத.”

கணேசன் தலையாட்டினார். என்னைப் பார்த்து ஆட்டவில்லை, அவரைப் பார்த்து ஆட்டினார்.

மறுநாள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மறுவீட்டு விருந்து இருந்தது. கணேசனுக்குத் தோட்டத்தில் டிராக்டர் வேலை. என்னோடு யார் இருப்பது என்ற பேச்சு வந்தபோது பெரியக்கா மேரியைக் காட்டினார். “செஞ்சவளே இருந்து பாக்கட்டும்.” மேரிக்கு செனவாங்கில் தொழிற்சாலை வேலை. லீவு கேட்டுப் போன் செய்தாள். அவர்கள் தரவில்லை. திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

என் வயிற்றில் காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற ஊசி. போட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. உறைந்ததை அந்த ஊசி கரைக்காது, வளரவிடாமல் பிடித்துவைக்கும், கரைப்பதை உடம்புதான் மெல்லச் செய்ய வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதிகம் நீர்த்தால் உள்ளே கசியும், குறைந்தால் மறுபடி உறையும்.

இரவில்தான் பயம் வரும். கண்ணை மூடினால், அடுத்த துண்டு காலிலிருந்து கிளம்பிவிடுமோ என்று தோன்றும். காலையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். மேரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவாள். பக்கத்துப் படுக்கையில் ஒரு மலாய் மூதாட்டி இருந்தார். “நல்ல மகள் உனக்கு” என்றார் ஒருநாள். நான் மறுக்கவில்லை. மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் எல்லா வேலையும் செய்தாள். தலை வாரினாள், பல் விளக்கிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். ஆனால் என் காலை மட்டும் தொடவில்லை. போர்வை விலகினாலும் நர்ஸைக் கூப்பிட்டுப் போர்த்தச் சொல்வாள். சிங்கப்பூரிலிருந்து அவள் புருஷன் போன் பண்ணியதை ஒருநாள் பாதித் தூக்கத்தில் கேட்டேன். “இல்லங்க... வலிக்குதுன்னு சொன்னாங்க... நான் வேணும்னா செய்வேன்?” என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அதற்குப் பிறகு அவள் வெறும் “ம்” மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்ற நாளில் டாக்டர் என்னிடம் பொறுமையாகப் பேசினார். வாகனத்தில் போனால் அடிக்கடி நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், காலுறையைக் கழற்றக் கூடாது, காலை மடக்கி வைக்கவே கூடாது. கேட்க எவ்வளவு சின்ன விஷயங்கள்! நான் உயிரை விடப் பார்த்தது இவ்வளவு சின்ன விஷயங்களுக்காக.

மூத்தாரும் கணேசனும் வேனோடு வந்திருந்தார்கள். மூத்தார் அன்றைக்கு உற்சாகமாக இருந்தார். முன்கதவைத் திறந்து, “பாரு, ஒனக்காக முன்சீட்டு காலி. வசதியெல்லாம் பண்ணியாச்சு” என்றார். இருக்கைக்குக் கீழே மூடி போட்ட ஒரு சிவப்பு பக்கெட் இருந்தது. மூடியின்மேல் மார்க்கர் பேனாவால் ‘டேங்க்’ என்று எழுதியிருந்தார்.

“இனிமே எங்கயும் நிறுத்த வேணாம் பாத்தியா?”

அவர் சிரித்தார். மருத்துவமனை வாசலில் நின்ற காவலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கெட்டைப் பார்த்துச் சிரித்தான். நான் கணேசனைப் பார்த்தேன். இந்த முறை தாமதம்கூட இல்லை, உடனே சிரித்துவிட்டார்.

“நான் இதுல வரல” என்றேன்.

“தமாசுலா. ஏறு” என்றார் கணேசன்.

“ரயில்ல போறேன். அதுல நடக்கலாம். கக்கூசு இருக்கு.”

“அண்ணன் வண்டிக்கு எண்ணெய் போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காரு. அவரத் தனியா விட்டுட்டு நான் எப்படி ஒங்கூட வர்றது?”

“வர வேணாம்.”

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்காகக் காலியாக இருந்த முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் போய்விட்டது. என் துணிப்பை அதிலேயே போய்விட்டது.

மேரிதான் டிக்கெட் எடுத்தாள். சுங்கை பட்டாணியிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிரம்பான் வரைக்கும். ரயிலில் இடைவழியில் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், நினைத்தபோதெல்லாம் கழிவறைக்குப் போய்வந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேரி ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே நின்று, கூட வந்து, உட்கார வைத்தாள். “மன்னிச்சிரு மேரி, எனக்காக வாங்கிக் கட்டிக்கிட்ட” என்றேன். “பரவால்லக்கா” என்றாள்.

தஞ்சோங் மாலிம் தாண்டியபின் கால் கனக்க ஆரம்பித்தது. எதிர் இருக்கை காலியாக இருந்தது. அதில் காலை நீட்டி வைத்தால் தேவலை. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“மேரி, இந்தக் காலக் கொஞ்சம் தூக்கி அங்க வையேன்.”

அவள் என் காலைப் பார்த்தாள். அவள் கை நீண்டது. காலுறைக்கு ஒரு சாண் முன்னால் நின்று திரும்பிப் போனது.

“வேணாங்க்கா. நான் தொட்டா தப்பாயிரும்.”

“பைத்தியமாடி? நான்தான சொல்றேன். தூக்கு.”

“வேணாங்க்கா.”

அவள் எழுந்து போய், பெட்டிக்குப் பெட்டி டிக்கெட் பார்க்கிற மலாய்க்காரரைக் கூட்டிவந்தாள். என் காலைக் காட்டி, தயவுசெய்து தூக்கி வைக்க முடியுமா என்று மலாயில் கேட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி எதிர் இருக்கையில் வைத்தார். “உங்கள் மகளுக்குத் தூக்க முடியாதா?” என்று கேட்டார்.

மேரி தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சிரம்பான் வரும்வரை வெளியே எடுக்கவில்லை.